பள்ளியில் நடந்த அரைநாள் போதைத் தடுப்பு நிகழ்ச்சி: ஐந்துக்கு இரண்டு

மகன் படிக்கும் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'போதைத் தடுப்பும் மனநலமும்' என்று ஓர் அரைநாள் நிகழ்ச்சி வைத்தார்கள், தலைக்கு 300 ரூபாய். நடத்தியது ஒரு தனியார் நிறுவனம். பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்கிறவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பதால் நானும் பின்வரிசையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன்.

முதல் பாதி முழுக்கப் பயமுறுத்தல்தான். கருகிய நுரையீரல், வாய்ப் புற்றுநோய்ப் படங்கள், வலி மாத்திரையை எப்படிக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்கிற விவரம் வரைக்கும் போனார்கள். அது எதற்கு? பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்கும். அப்புறம் போதையிலிருந்து மீண்ட ஓர் இளைஞர் தன் கதையைச் சொன்னார், ஆசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், அரங்கமே கை தட்டியது. என் பையன் ராத்திரி சாப்பிடும்போது சொன்னது: "அந்த அண்ணன் இப்போ சொந்தமா ஜிம் வெச்சிருக்காராம்பா." பதினாலு வயசுக்குக் கதையில் பிடிபட்டது அதுதான், விழுந்தாலும் எழுந்துவிடலாம்.

இந்த மாதிரிப் பயமுறுத்தலும் கதையும் பலிக்காது என்பது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் தடுப்புப் பணிக்கென்று வைத்திருக்கும் தரநிலைகளில் (2018 பதிப்பு), வெறும் சொற்பொழிவு, பயமுறுத்தல், முன்னாள் போதையாளர் சாட்சியம், போலீஸ்காரர் வந்து பாடம் எடுப்பது எல்லாம் பயன் தராதவை, சில நேரம் எதிர்விளைவும் தருபவை என்ற பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' திட்டம் போலீஸ்காரர்களை வகுப்புக்கு அனுப்பியது. நாடு முழுக்கப் பரவிய பிறகு ஆய்வு செய்து பார்த்தால், அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அவர்களே பிறகு பாடத்தை மாற்றிக்கொண்டார்கள். நாம் இன்னும் அந்தப் பழைய பாடத்துக்குக் காசு கொடுக்கிறோம்.

இரண்டு நட்சத்திரமும் கடைசி நாற்பது நிமிடத்துக்குத்தான். உளவியல் படித்த ஓர் இளம் பெண் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, "உங்க கிளாஸ்ல எத்தனை பேர் ஹான்ஸ், கூல் லிப் வைக்கிறாங்கன்னு நினைக்கிற? நீ வெச்சிருக்கியா?" என்று கேட்டு (இரண்டும் வாயில் அதக்கும் புகையிலை), பெயர் இல்லாத துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னார். பாதி வகுப்பு என்று நிறைய பேர் எழுதியிருந்தார்கள், ஆமாம் என்று சொன்ன சீட்டுகளோ ரொம்பக் கொஞ்சம். 'எல்லாரும் போடுறாங்க' என்கிற நினைப்பு அங்கேயே உடைந்தது. அப்புறம் ஒரு நடிப்புப் பயிற்சி: "மச்சான், ஒரு தடவை வெச்சுப் பாரு, ஒண்ணும் ஆகாது" என்று ஒருவன் கெஞ்ச, இன்னொருவன் நட்பும் கெடாமல் நழுவ வேண்டும். "எங்கப்பா வாயை மோந்து பார்ப்பாருடா" என்று ஒரு பொடியன் சொன்னதற்கு எழுந்த சிரிப்பு, காலையிலிருந்து கேட்காத சிரிப்பு. தூக்கம் வராதது, காரணமில்லாமல் எரிச்சல், பரீட்சை பயம் பற்றியும் பேசி, 14416 எண்ணை எல்லாரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். அது 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்கிற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

ஆனால் நாற்பது நிமிடத்தில் என்ன நிற்கும்? இந்த மாதிரிப் பயிற்சியில் பேர்போன, அமெரிக்க உளவியலாளர் போட்வினின் வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்தில் முதல் வருடம் 15 வகுப்பு, அடுத்த வருடம் 10, மூன்றாம் வருடம் 5. ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள், 2016-இல் அது 5 சதவீதம். அவர்கள் நம்பியது மேடைப்பேச்சை இல்லை. பிள்ளைகள் விளையாட்டிலும் இசையிலும் சேரப் பணம் கொடுத்தார்கள், இரவில் வெளியே சுற்றக் கட்டுப்பாடு வைத்தார்கள், பெற்றோரே முறை போட்டுத் தெருவில் நடந்து பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலேயே பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரைவார்த்தாயிற்று. இந்த நிகழ்ச்சியில் பெற்றோருக்கென்று வைத்த இருபது நிமிடத்துக்கு வந்த அப்பாக்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையைப் பற்றியும் நிகழ்ச்சி நடத்தியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003-ஆம் வருடச் சட்டமே இருக்கிறதே, புகார் கொடுக்கப் பள்ளிக்கு உதவுவீர்களா என்றேன். "அது எங்க ஸ்கோப்ல வராது சார்."

உங்கள் பள்ளியிலும் இதற்குச் சுற்றறிக்கை வந்தால், பணம் கட்டும் முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பிள்ளைகள் வாய் திறக்க எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள் என்று. நான் அந்தப் பெண் மட்டும் மாதம் ஒரு முறை வர எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். தனியாக அனுப்ப மாட்டார்களாம், மொத்தப் பேக்கேஜாகத்தான் எடுக்க வேண்டுமாம்.