மொட்டை மாடியில் வெட்டிய கண்ணாடியைக் குளியலறையில் பொருத்த விடாதீர்கள்

குளியலறையில் ஷவர் பகுதியைக் கண்ணாடிக் கதவு போட்டுத் தனியாகப் பிரிக்க எண்ணியிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கடந்த மார்ச் மாதம் ஒரு காலையில், சென்னை மேடவாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் வாளியை நகர்த்தியிருக்கிறார். வாளியின் விளிம்பு, கதவுக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் கண்ணாடியின் கீழ்மூலையில் இடித்ததும், அது மேலிருந்து கீழ்வரை பிளந்து சரிந்தது. டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கி ஆற வைத்துப் பலப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடி என்று சொல்லி, அதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்டு, ஏழு மாதங்களுக்கு முன்பு பொருத்திக் கொடுக்கப்பட்டது அது. உடைந்தாலும் கற்கண்டு போல உதிருமே தவிர ஆளைக் கிழிக்காது என்று கடைக்காரர் உறுதி கூறியிருந்தார். ஆனால் தரையில் கிடந்தவையோ முழங்கை நீளத்துக்கு அரிவாளைப் போன்ற துண்டுகள். அம்மாவின் கணுக்காலுக்கு மேலே ஆறு தையல் போட வேண்டியிருந்தது.

எங்கள் குளியலறையில் ஷவர் பகுதியின் அகலம் ஐந்தடி. அதில் பாதி அசையாத கண்ணாடி, மறுபாதி திறந்து மூடும் கதவு, இரண்டும் 10 மி.மீ. தடிமன், உயரம் ஆறரை அடி என்று பேசி, கூலி உட்பட 46,000 ரூபாய்க்கு முடித்தோம். அளவெடுக்க வந்த இளைஞர் தரைமட்டத்தில் மட்டும் டேப்பை இழுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஐந்தே நிமிடத்தில் கிளம்பிவிட்டார். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது. டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடங்களிலாவது அளக்க வேண்டும். பின்னால் நானே ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது, எங்கள் சுவர் மேலே போகப் போக 12 மி.மீ. உள்ளே சாய்ந்திருந்தது தெரிந்தது. பிற்பாடு நடந்த அத்தனைக்கும் தொடக்கம் இந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர்தான்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் இரண்டு கண்ணாடிகளும் வந்தன. கதவு சரியாக உட்கார்ந்தது. பக்கத்துக் கண்ணாடி மேல்பக்கம் சுவரில் முட்டிக்கொண்டு, அதைப் பிடித்து நிறுத்தும் யு-சேனல் என்ற உலோகப் பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. ஃபிட்டர் யாருக்கோ போன் செய்து பேசிவிட்டு, "கவலப்படாதீங்க சார், சாயங்காலத்துக்குள்ள வேற பீஸ் மாட்டிக் குடுத்துடறோம்" என்றார். பத்து நாள் காத்திருந்து வந்த பொருள் எப்படி ஒரே மாலையில் மறுபடியும் கிடைக்கும் என்ற கேள்வி எனக்கு எழுந்திருக்க வேண்டும், எழவில்லை. வேலை அன்றே முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் இருந்தேன்.

மாலை நான்கு மணிக்கு ஆட்டோவில் ஒரு கண்ணாடி வந்தது. தேவைக்கு மேல் ஒரு சாண் அகலமாக இருந்த அதை மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று, பழைய பாயை விரித்து அதன்மேல் கிடத்தினார்கள். ஃபிட்டர் ஒரு சிறிய பாட்டிலில் இருந்த மண்ணெண்ணெயில் கட்டரைத் தோய்த்து, மரச்சட்டத்தை ஓரமாக அணைத்து, ஒரே இழுப்பில் கோடு போட்டார். கர்ரென்ற சத்தம் தெருவரை கேட்டிருக்கும். பிறகு அடியில் லேசாகத் தட்டி ஓரத்தை அழுத்தியதும், வேண்டாத பட்டை 'டக்'கென்று தனியாக வந்துவிட்டது. அசையாமல் இருப்பதற்காக மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். என்ன கைத்திறன் என்று வியந்து, அவர்களுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

டஃபன்ட் கண்ணாடியை அப்படி வெட்டவே முடியாது. சாதாரணக் கண்ணாடியை முதலில் தேவையான அளவுக்கு வெட்டி, ஓரங்களைத் தேய்த்து, ஹிஞ்சுக்கும் (கீல்) கைப்பிடிக்கும் வேண்டிய துளைகளைப் போட்டு முடித்த பிறகுதான் தொழிற்சாலையில் அதை 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, குளிர்ந்த காற்றை இருபுறமும் பாய்ச்சிச் சட்டென்று ஆற வைக்கிறார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிட, உட்புறம் மெதுவாக ஆறிச் சுருங்கும்போது, பரப்பு முழுவதும் அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் நின்றுவிடுகிறது. அந்தச் சமநிலைதான் அதன் பலம். கட்டராலோ துளைக்கருவியாலோ அந்த அழுத்தப் பரப்பைத் தாண்டினால் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் பொடிந்துவிடும். ஆகவே உங்கள் வீட்டு வாசலிலோ மாடியிலோ வைத்து ஒருவர் கண்ணாடியை வெட்டினாலும் சரி, துளை போட்டாலும் சரி, அது டஃபன்ட் அல்ல என்று உடனே முடிவு செய்துகொள்ளலாம். இதற்கு வேறு சோதனை எதுவும் தேவையில்லை.

கதவின் மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பாதுகாப்புக் கண்ணாடிக்கான தர எண்ணான ஐ.எஸ். 2553-உம் அழியாதபடி பதிந்திருந்தன. பக்கத்துக் கண்ணாடியில் அவை இல்லை என்பதை அன்று மாலையே கவனித்துக் கேட்டேன். "அந்த மூலை சேனலுக்குள்ள போயிடுச்சு சார், சிலிகானும் போட்டாச்சு" என்று பதில் வந்தது. கண்ணாடி உடைந்த பிறகு சேனலைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு மூலைகளில் எதிலும் முத்திரை கிடையாது. என் மகன் பைக் ஓட்டும்போது அணியும் போலராய்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் சாய்வாகப் படும்போது பார்த்தால், கதவில் நிழல் போன்ற திட்டுகள் வரிசையாகத் தெரிகின்றன. சூடாக்கி ஆற வைத்ததன் தடம் அது. உடைந்த துண்டுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை.

டஃபன்ட் கண்ணாடி உடையவே உடையாது என்று நான் சொல்ல வரவில்லை. நிக்கல் சல்பைடு துகள் உள்ளே சிக்கியிருந்தால், யாரும் தொடாமலே ஒருநாள் அது வெடிக்கக்கூடும். ஓரத்தில் பட்ட அடியும் அதை உடைக்கும். ஆனால் அப்போதும் சிறுசிறு மழுங்கிய துணுக்குகளாக உதிருமே தவிர, கத்தி போல் நீளமாகப் பிளக்காது.

ஹிஞ்சு விஷயத்திலும் ஏமாந்தேன் என்றுதான் தோன்றுகிறது. கடையில் ஒரு காந்தத்தை ஹிஞ்சின் மேல் வைத்து, ஒட்டவில்லை பாருங்கள், எளிதில் துருப்பிடிக்காத 304 ரக எவர்சில்வர் என்று காட்டினார்கள். நிக்கல் குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பதைப் பிற்பாடு ஒரு பாத்திரப் பட்டறைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்புக்கு, ஐந்தே மாதத்தில் திருகாணியைச் சுற்றிலும் பழுப்பு படர்ந்துவிட்டது. அந்த அளவுள்ள 10 மி.மீ. கதவின் எடை ஏறக்குறைய 38 கிலோ. இரண்டே ஹிஞ்சுகள் அதைத் தாங்குகின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

உடைந்த படங்களை அனுப்பியபோது கடைக்காரர், "டஃபன்டும் உடையும் சார், வாளியால இடிச்சா நாங்க என்ன பண்றது?" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். 'கண்ணாடி, பொருத்தும் கூலியுடன்' என்று ஒரே வரி. டஃபன்ட் என்ற சொல்லே இல்லை. பொருளின் வகையைக் குறிக்கப் பில்லில் போடும் ஹெச்.எஸ்.என். எண் 7005 என்று இருந்தது. டஃபன்ட், லேமினேட்டட் போன்ற பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கு உரியது 7007. 7005 சாதாரண ஃப்ளோட் கண்ணாடிக்கு உரியது. பணம் கொடுக்கும்போதே பில்லில் 7007 என்ற எண்ணையும், தடிமனையும், டஃபன்ட் என்ற சொல்லையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

புதிய கண்ணாடியை வேறொருவரிடம் செய்தேன். அவர் சுவரின் சாய்வைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப அகலத்தைக் குறைத்து, மீதி இடைவெளியைச் சேனலுக்குள் மறைத்துவிட்டார். செய்து வர எட்டு நாள் ஆயிற்று. முத்திரை வெளியே தெரியும் மூலையில் இருக்கிறது.

பழைய கடையின் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்தேன். பலனில்லாததால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறேன். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. புகாரைத் திரும்பப் பெற்றால் 6,000 ரூபாய் தருவதாகக் கடையிலிருந்து சொல்லியனுப்பினார்கள்; மறுத்துவிட்டேன். உடைந்த துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, தேதி எழுதிப் பரணில் வைத்திருக்கிறேன். அடுத்த விசாரணைக்கு அவற்றை எடுத்துப் போக வேண்டும்.