பழைய வீட்டுப் படங்களுக்கு எது பாதுகாப்பு: ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா, டேப்பா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வீட்டின் ஒரு பகுதியைச் சின்ன அருங்காட்சியகமாக வைத்திருப்பவர்களுக்குத்தான் இது. ரங்கூன், பினாங்கு ஸ்டூடியோ படங்கள், கல்யாண குரூப் போட்டோக்கள், இசைகுடிமானத் தாள்கள் (நகரத்தார் கல்யாண ஒப்பந்தப் பதிவுகள்). ஏ4 அளவை 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்தால் ஒன்று சுமார் 100 எம்பி வரும். 10,000 படத்துக்கு 1 டிபி.

இந்த அளவுக்கு டேப் வேண்டாம். எல்டிஓ-9 (LTO, கணினித் தகவல் சேமிக்கும் காந்த டேப்) கேட்ரிட்ஜ் ஒன்றிலேயே 18 டிபி போடலாம், நல்லதுதான், ஆனால் டிரைவ் விலை லட்சங்களில். அந்த டிரைவும் எல்டிஓ-8, 9 டேப்புகளைத்தான் படிக்கும். சிடி போன்ற வட்டான புளூரே எம்-டிஸ்க் நீண்ட ஆயுள் கொண்டது, 100 ஜிபி டிஸ்க் பத்து போதும். ஆனால் சோனி 2025இல் பதிவு செய்யும் புளூரே டிஸ்க் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நாளைக்கு டிரைவ் எங்கே தேடுவது? எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வேகமானது, ஆனால் மின்சாரம் கொடுக்காமல் நம் ஊர் வெக்கையில் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் பதிவு அழியலாம்.

மிச்சம் ஹார்ட் டிஸ்க்கும் கிளவுடும்.

ஹார்ட் டிஸ்க் மலிவு, படம் உடனே கைக்கு வரும். ஆனால் எப்போது நின்றுபோகும் என்று சொல்லமுடியாது, அதனால் ஒன்று போதவே போதாது. வெவ்வேறு கம்பெனியில் இரண்டு வாங்கி, ஒன்றை வீட்டிலும் மற்றதைச் சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் பங்காளி வீட்டிலும் வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்து வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை ஊர்ப்பக்கம் கூடும்போது இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள். சத்தமில்லாமல் கெட்டுப்போன கோப்பு அப்போதுதான் தெரியும். நாலைந்து வருஷத்தில் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும்.

கிளவுடில் அமேசானின் நெடுநாள் சேமிப்புச் சேவையான கிளேசியர் டீப் ஆர்க்கைவ் 1 டிபிக்கு மாதம் 1 டாலரை ஒட்டித்தான் ஆகும். வைப்பதுதான் மலிவு, எடுப்பது அல்ல: கேட்டால் சாதாரணமாக 12 மணி நேரம் வரை ஆகும், மொத்தத்தையும் இறக்கினால் சுமார் 100 டாலர் போய்விடும். அதனால் அடிக்கடி பார்ப்பதற்கு இது சரிப்படாது, வீட்டுக்குத் தீயோ வெள்ளமோ வந்தால் எடுக்கும் பிரதியாக மட்டும் வையுங்கள்.

என் தேர்வு: இரண்டு ஹார்ட் டிஸ்க், கூடவே இந்தக் கிளவுட். கிளவுட் கணக்கை ஒரே பிள்ளையின் மெயிலிலும் கார்டிலும் மட்டும் வைக்காதீர்கள். கார்டு காலாவதியாகி பில் கட்டாமல் போனால் கணக்கே மூடப்படலாம்.