பாய் இழைக்கும் கையும் படமும்: மட்டக்களப்பு உருவப்பட ஸ்டூடியோ ஒன்றைப் பற்றி

மட்டக்களப்பு நகரில், அன்றாடம் உழைக்கும் பெண்களின் உருவப்படங்களைக் கலப்பு ஊடகத்தில் செய்து தரும் சிறிய ஸ்டூடியோ ஒன்று இருக்கிறது. பன் என்னும் புல்லில் பாய் இழைக்கும் என் பெரியம்மாவின் படத்தை அங்கே செய்வித்தேன். கொடுத்த காசுக்கு மேலான வேலை கிடைத்தது என்று தயங்காமல் சொல்வேன். கறுப்பு வெள்ளையில் எடுத்த புகைப்படத்தைப் பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு, அதன் மேல் நிறம் தீட்டி, துணி, நூல், புல் முதலியவற்றை ஒட்டியும் தைத்தும் முடிக்கிறார்கள். படத்துக்குக் கையால் நிறம் கொடுப்பது நமக்குப் புதிதன்று. வர்ணப் படச்சுருள் பரவுவதற்கு முன்னர் எடுத்த கலியாணப் படங்களில் மணப்பெண்ணின் சேலைக் கரைக்கும் உதட்டுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் தூரிகையால் நிறம் கொடுத்தார்கள். அன்று அந்தத் தூரிகை பெண்ணை அலங்கரிக்க வந்தது. இங்கே அவள் செய்யும் வேலையைக் காட்ட வருகிறது.

பெரியம்மாவை ஸ்டூடியோவுக்கு அழைக்காமல், அவர் பாய் இழைக்கும் விறாந்தைக்கே வந்து காலை வெளிச்சத்தில் படமெடுத்தார்கள். சேலை மாற்றட்டுமா என்று அவர் கேட்டபோது, உடுத்திருப்பதே போதும் என்றார்கள். முடிந்த படத்தில் முகத்தை எவரும் தொடவில்லை. சுருக்கமும் நரையும் அச்சில் விழுந்தபடியே இருக்கின்றன. கைகள் பாயைச் சந்திக்கும் இடத்தில் மட்டும் அச்சுத்தாளை மெல்லிய கீற்றுகளாகக் கீறி, அந்தக் கீறல்களின் ஊடாகச் சாயமிட்ட உண்மையான பன்னைக் கோத்து இழைத்திருக்கிறார்கள். புகைப்படப் பாய் எங்கே முடிகிறது, புல்லுப் பாய் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். ஆட்காட்டி விரலின் நகக்கண்ணில் படிந்திருந்த சாயத்துக்கு மட்டும் ஒரு பொட்டுச் சிவப்பு வைத்திருக்கிறார்கள். பெரியம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "முகத்த விடு கா, இது என்ட கைதான்" என்றார்.

ஸ்டூடியோவின் சுவரில் இருக்கும் மற்றப் படங்களையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இப்பகுதியின் பல சமூகத்துப் பெண்கள் ஒரே வரிசையில் அங்கே இருக்கிறார்கள். காத்தான்குடித் தையற்காரி ஒருவரின் படத்தின் விளிம்பை, அவருடைய மெசினிலேயே காகிதத்தோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஊசி துளைத்த இடங்களில் தாள் சற்றே மேலெழும்பி நிற்பதுதான் அந்தப் படத்தின் உயிர். மருதமுனைக் கைத்தறிப் பெண்ணின் படத்தில் பாவு நூல்கள் சட்டத்தின் மேலிருந்து கீழாக ஓடி, அவர் தறிக்குப் பின்னால் அமர்ந்திருப்பதாகவே தோன்றச் செய்கின்றன. போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியர் குடும்பத்து மூதாட்டி ஒருவரின் படத்தில் அவரே பின்னிய லேஸ் துண்டொன்று கழுத்தருகே தைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அம்பாறைப் பக்கத்துச் சிங்கள விவசாயப் பெண்ணின் படம் எனக்கு ஏமாற்றத்தைத் தந்தது. வயலில் நிற்கும் அவரைச் சுற்றித் தங்கத்தாளில் தாமரைகள் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தாமரை சுற்றுலாச் சுவரொட்டியில் இருந்து வந்தது. அவர் கையில் இருந்த மண்வெட்டியோ கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. பெண்ணின் கையிலிருந்து எடுத்த பொருள் படத்துக்குள் வரும்போது இந்தக் கலை வெல்கிறது, அவள் இனத்துக்கென்று வழக்கமாக ஒட்டப்படும் சின்னம் வரும்போது தோற்கிறது.

ஒவ்வொரு படத்தின் கீழும் பெண்ணின் பெயரும் தொழிலும் எழுதப்பட்டிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமான பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், தம்மைச் சுற்றி உழைத்த பெண்களையும் இங்கே படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பிரமுகர்கள் பெயரோடு நிலைத்திருக்க, இங்கே எடுத்தவர்களில் பலர் பெயரின்றியே நூதனசாலைகளில் இருக்கிறார்கள். பெயரை எழுதி வைக்க ஒரு பென்சில் போதும்.

குறை என்று பார்த்தால் சட்டமிடும் வேலையைத்தான் சொல்ல வேண்டும். முதலில் தந்த சட்டத்தில் கண்ணாடி பன்னின் மேல் அழுந்திக் கிடந்தது. வாவிக் காற்றும் வடகீழ்ப் பருவ மழையின் ஈரமும் உள்ள நம் ஊரில் இப்படி விட்டால் புல்லிலும் காகிதத்திலும் பூஞ்சணம் பிடித்துவிடும். சொன்னதும் முகம் சுளிக்காமல் கழற்றி, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே இடைவெளி விட்டு, அமிலமற்ற அட்டை வைத்துக் கட்டித் தந்தார்கள். இதைக் கேளாமலே செய்வது அவர்கள் பொறுப்பு. அச்சுக்குப் பயன்படுத்துவது நிறமி மையா, சாய மையா என்றும் கேளுங்கள். சாய மை வெளிச்சத்தில் விரைவாக வெளிறும், நிறமி மை நெடுங்காலம் தாங்கும். இவர்கள் நிறமி மையையே பயன்படுத்துகிறார்கள்.

விலை, சட்டமிட்ட சாதாரணப் படத்தைவிடப் பல மடங்கு. சாமத்திய வீட்டு அல்பத்துக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையன்று. கொடுக்க நினைப்பவர்கள், அந்தப் பெண் வேலை செய்யும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லி, அவர் பயன்படுத்தும் பொருளில் ஒரு பிடியை எடுத்துக் கொடுங்கள். படத்தில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதை அவரையே கேட்டுத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். கேட்டால் ஸ்டூடியோவில் மறுக்க மாட்டார்கள்.