பொன்னியின் செல்வன்: முதலில் நாவலா, படமா?

ஐந்து பாக நாவலை 2022, 2023இல் வந்த இரண்டு படங்களுக்குள் அடக்கினால் கிளைக்கதைகளில்தான் முதலில் கத்தரி விழும். படித்துவிட்டுப் போனவர் வந்தியத்தேவனைக் காதலிக்கும் மணிமேகலையைத் தேடுவார்; படத்தில் அவள் இல்லவே இல்லை. அதைக்கூட மன்னித்துவிடுவார், முடிவைத்தான் மன்னிக்கமாட்டார். நாவலில் உத்தம சோழராக முடிசூடுவது பூக்கட்டித் திரிந்த சேந்தன் அமுதன், படத்தில் அரியணைக்கு ஆசைப்படும் இளவரசன் மதுராந்தகனே. குழந்தையிலேயே இருவரும் இடம் மாறிய ஆள்மாறாட்ட முடிச்சை எடுத்துவிட்டதால், கல்கி கடைசிவரை பொத்தி வைத்த திருப்பமும் போயிற்று.

படிக்காதவருக்கு இந்த வருத்தம் கிடையாது. அவர் தடுமாறுவது பெயர்களில். பெரிய பழுவேட்டரையர் யார், சின்னவர் யார் என்று பிடிபடுவதற்குள் காட்சி நகர்ந்துவிடும்.

ஆனாலும் படம் முதலில், நாவல் பிறகு என்பதே லாபம். முகங்கள் பழகிவிடும், அமுதன் ரகசியம் மட்டும் புத்தகத்தில் காத்திருக்கும் (இங்கேயே உடைத்துவிட்டோம், பொறுத்தருள்க).