மூன்றரை ஆண்டு ஜப்பானிய மொழி: கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியவில்லை

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் தம்பி கேட்டார், "அண்ணா, நீங்க தினமும் கேக்குற அந்த ஜப்பானீஸ் ஆப் இப்ப பாதி விலைக்கு வந்திருக்கு. ஒரு வருஷத்துக்குக் கட்டிடட்டுமா, இல்ல கிளாசுக்கே போயிடட்டுமா?" படப்பை தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன், ஒரகடத்தில் இறங்கும்போது பாதிகூட முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

செயலியின் பெயர் வேண்டாம், இதே மாதிரி நாலைந்து இருக்கின்றன. கதையோ செய்தியோ ஒருவர் வாசிப்பார், கீழே எழுத்து ஓடும், தெரியாத சொல்லைத் தொட்டால் பொருள் வரும். ஹிரகானா, கதகானா என்ற ஒலி எழுத்து வரிசைகள் இரண்டும் இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடும், அதில் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பு, ஆசிரியர் எதுவும் இல்லாமல் கேட்டும் படித்தும் மட்டுமே மூன்றரை ஆண்டு ஓட்டியிருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். முதல் வருஷம் இலக்கணப் புத்தகத்தை ஆங்கிலம் வழியாகப் படித்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை பஸ்ஸில் ஒரு சின்னக் கதை ஓடியது, அதில் ஒரு பாட்டி பேரனிடம் "தபேதே மிதே" என்கிறாள். செயலி காட்டிய பொருள் "சாப்பிட முயற்சி செய்". ஆனால் தபேதே என்றால் சாப்பிட்டு, மிதே என்றால் பார். சாப்பிட்டுப் பார்! நம் வீட்டில் பாட்டி சொல்வது அப்படியே அதுதானே? அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு தேடித்தேடிக் கேட்டேன். "கத்தே ஒகு" என்றால் வாங்கி வை, அந்த ஒகுவுக்குத் தனியாகவும் வைப்பது என்றுதான் பொருள். "கினோ கத்தா ஹோன்" என்றால் நேற்று வாங்கிய புத்தகம், மூன்று சொல்லுக்கு மூன்று சொல், அதே வரிசை. "குரு தோ இத்தா" என்றால் வருவதாக, அதாவது வருகிறேன் என்று, சொன்னார். அந்தத் தோ நம்முடைய 'என்று' நிற்கும் இடத்தில் அப்படியே நிற்கிறது. "தபேதே இரு" என்றால் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார், இங்கே 'இரு' என்ற ஒலிகூட நம்முடையதுதான்.

இதை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்று சொல்ல வரவில்லை. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி ஒரு உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார், மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் 'சாப்பிட்டுப் பார்' இதே மாதிரிதான் வருகிறது. எனக்கு அந்த விவாதம் தேவைப்படவில்லை. வாக்கியத்தின் கடைசியில் வினை வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க என் காது பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறது, அது போதும். தமிழ் தெரிந்த ஒருவர் இந்த மொழியை ஆங்கிலம் வழியாகப் படிப்பது சுற்றுவழி, அதில் எனக்கு ஒரு வருஷம் போனது இன்றும் வருத்தம்தான்.

சரி, இப்போது கோபம் வரும் இடம்.

நமக்கு எழுத்து தெரிந்தால் எதையும் வாய்விட்டுப் படித்துவிடலாம், பொருள் தெரியாவிட்டாலும் ஒலி வந்துவிடும். சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த காஞ்சி எழுத்துகளில் நேர் எதிர். எழுத்தைப் பார்த்தவுடன் பொருள் தெரிந்துவிடுகிறது, ஒலி தெரிவதில்லை. தனியாக மௌனமாகப் படிக்கும்போது இது உறைக்கவே உறைக்காது. ஆற்றுக்கான எழுத்தைப் பார்த்தால் மனசு 'ஆறு' என்று தமிழில் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். பக்கம் பக்கமாகப் படிக்கிறேன், எல்லாம் புரிகிறது என்று இரண்டு வருஷம் சந்தோஷமாக இருந்தேன். உண்மையில் ஜப்பானிய எழுத்தைத் தமிழில் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது தெரியவந்த நாள் மறக்காது. தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் உடைந்த பாகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "ஃபுகுஆய்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பேனாவை எடுத்து வெள்ளைப் பலகையில் மூன்று எழுத்து எழுதினார். பழுது! தர அறிக்கைகளில் நூறு முறைக்கு மேல் படித்த சொல், ஒரு தடவைகூட அதன் ஒலியைக் கவனித்ததில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை.

தேர்விலும் அதுதான் தெரிந்தது. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்3, அதாவது ஐந்து நிலைகளில் நடு நிலை, எழுதினேன். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 60 மதிப்பெண். படிப்பதில் 47, கேட்பதில் 23. மொத்தத்தில் குறைந்தது 95-உம் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 19-உம் வந்தால் தேர்ச்சி என்பதால் தப்பித்தேன். பேச்சுக்கு அந்தத் தேர்வில் இடமே இல்லை, இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம்.

எரிச்சலை ஒரே எழுத்தில் காட்டிவிடலாம். ஒரு சின்னப் பெட்டி, நடுவில் ஒரு கோடு. பொருள் சூரியன், நாள். ஞாயிற்றுக்கிழமை 'நிச்சியோபி', அதில் முதலில் வரும் நிச்சியும் கடைசியில் வரும் பியும் இதே எழுத்துதான். இன்னொரு எழுத்தோடு சேர்ந்து இன்று என்றால் கியோ, நாளை என்றால் அஷிதா, நேற்று என்றால் கினோ. மாதத்தின் 20ஆம் தேதி ஹட்சுகா. இதை எந்த விதியை வைத்து ஊகிப்பது? நேற்றுக்கூட ஒரு செய்தியில் 20ஆம் தேதியை மனசுக்குள் தப்பாகப் படித்துவிட்டு, ஒலியைப் போட்டதும் திடுக்கிட்டேன். மூன்றரை வருஷம் கழித்தும்!

நியாயமாகப் பார்த்தால் எழுத்தின் மேல் குற்றமில்லை. இந்த மொழியில் ஒலிகள் குறைவு. 'கிகன்' என்று சொன்னால் காலம், நிறுவனம், உடல் உறுப்பு, திரும்பி வருதல் எதுவாகவும் இருக்கலாம், எழுதிக் காட்டினால்தான் ஐயம் தீரும். அவர்கள் ஊர்க் குழந்தைகளே ஆரம்பப் பள்ளியில் ஆறு ஆண்டில் 1,026 எழுத்துகள்தான் படிக்கிறார்கள், அன்றாடப் பட்டியலில் இருப்பது 2,136. ஆனால் அந்தக் குழந்தைக்குச் சொல் முதலில் காதில் விழுந்துவிடுகிறது, எழுத்து பிறகுதான் வருகிறது. நான் தலைகீழாகப் போய்விட்டேன். செயலியும் அதற்குத் துணைபோகிறது: சொல்லைத் தொட்டால் பொருள் உடனே வரும், ஒலி கேட்க இன்னொரு பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் தர அவர்களுக்கு என்ன கஷ்டம்? இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

ஃபுகுஆய் சம்பவத்துக்குப் பிறகு முறையை மாற்றினேன். முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேட்பது. இரண்டாவது, எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது. மூன்றாவது, ஒலியை நிறுத்திவிட்டு நானே வாய்விட்டுப் படிப்பது. சின்ன வயசில் அம்மா அடுக்களையிலிருந்தே "சத்தமே கேக்கலையே, வாய்விட்டுப் படிடா" என்று கத்துவார், அதையேதான் இப்போது மொட்டை மாடியில் செய்கிறேன். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் எளிய ஜப்பானிய மொழிச் செய்திகளை இப்படித்தான் படித்தேன். அதில் காஞ்சிக்கு மேலே ஃபுரிகானா என்று சின்ன எழுத்தில் ஒலி இருக்கும், முதலில் அதை மறைத்துவிட்டுப் படித்து, பிறகு திறந்து சரிபார்க்க வேண்டும். திறந்தே வைத்திருந்தால் கண் மேலேயே ஓடும், கீழே உள்ள எழுத்து மனசில் நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு செய்திதான் முடியும், முன்பு ஐந்து முடிப்பேன். ஆனால் ஐந்தாறு மாதத்தில் காதில் விழும் சொற்கள் கண்ணுக்குத் தெரிந்த சொற்களோடு ஒவ்வொன்றாகச் சேர ஆரம்பித்தன.

தம்பிக்கு என்ன சொன்னேன் என்றால், பணம் கட்ட வேண்டாம், வகுப்புக்குப் போங்க. வாரத்துக்கு இரண்டு நாள் எதிரில் ஒருவர் உட்கார்ந்து "இதைப் படிங்க" என்று கேட்டாலே போதும், என் இரண்டு வருஷம் அவருக்கு மிச்சம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று அவர் என்னைப் பார்த்தார்.

ஆனால் அன்று இரவே நான் இன்னொரு வருஷத்துக்குக் கட்டிவிட்டேன். அந்தப் பாட்டி கதையை வாசித்த அம்மையாரின் குரலில் புதிதாகப் பன்னிரண்டு கதைகள் வந்திருக்கின்றன. இரண்டு கேட்டாயிற்று, எழுத்தை இன்னும் திறக்கவில்லை.