கேச்சியாவ் துணிச் சந்தையில் சீனம் பேச: பிளெக்கோ, ஆன்கி நெடுநாள் அனுபவம்

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், ஷாவ்ஷிங் நகரைச் சேர்ந்த கேச்சியாவ் மிகப் பெரிய துணிச் சந்தை. இங்கே துணி பார்த்து, சாம்பிள் வாங்கி, திருப்பூருக்கு ஆர்டர் போட்டு அனுப்புவது என் வேலை. 2018 முதல் என் போனில் நிலைத்து நிற்கிற மொழிச் செயலிகள் இரண்டுதான்: பிளெக்கோ என்ற சீன-ஆங்கில அகராதி, ஆன்கி என்ற நினைவு அட்டைச் செயலி (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில்; மறக்காமலிருக்க இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும்). கடையிலும் காய்கறிச் சந்தையிலும் பேசிப் பிழைக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிளெக்கோவின் முதல் பலம், இணையம் இல்லாமலே வேலை செய்வது. கூகுள் சேவைகள் முடக்கப்பட்ட நாட்டில் இது பெரிய விஷயம். தமிழ் அகராதி கிடையாது, பொருள் ஆங்கிலத்தில்தான் வரும். ஆனால் பல சொற்களுக்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உண்டு. நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

நான் கண்ட சிறந்த வழி, சீனாவில் எல்லோரும் வைத்திருக்கிற அரட்டைச் செயலியான வீசாட்டின் குரல் செய்திகளில் தொடங்குகிறது. கடைக்காரர்கள் எதையும் தட்டச்சு செய்ய மாட்டார்கள், பேசித்தான் அனுப்புவார்கள். செய்தியை அழுத்திப் பிடித்தால் எழுத்தாக மாற்றித் தரும். அதை நகலெடுத்து பிளெக்கோவில் ஒட்டி, தெரியாத சொல்லைத் தொட்டுப் பார்த்து, முழு வாக்கியத்தையும் ஆன்கியில் அட்டையாக்குகிறேன். "யோ ஷியென்ஹுவோ மா?" (ரெடி ஸ்டாக் இருக்கா?) என்பது அப்படி வந்தது. தனிச்சொல்லாகப் போட்ட அட்டைகள் சில மாதங்களில் ஆவியாகிவிடுகின்றன. யார், எப்போது, எதற்குச் சொன்னார் என்ற நினைவோடு வந்த வாக்கியம் அப்படியே தங்குகிறது. இத்தனை வருடத்தில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்.

எச்எஸ்கே (வெளிநாட்டவருக்கான சீன மொழித் தேர்வு) சொற்பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்பவர்களைப் பார்க்கிறேன். பழைய ஆறு நிலைப் பட்டியலில் மூன்றாம் நிலைக்கு 600 சொற்கள், ஆறாம் நிலைக்கு 5000. 2021-ல் வந்த ஒன்பது நிலைத் தரத்தில் மொத்தம் 11,092. படிப்புக்கு வந்தவர்களுக்கு அது தேவை. சந்தைக்கு முதல் 600 போதும். அதற்குப் பிறகு உங்கள் தொழில்தான் பட்டியல். ஜிஎஸ்எம்மை (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) கேட்க வேண்டிய "கெஜோங்" அந்த 600-இல் இல்லை. புள்ளிகளும் பதக்கமும் தருகிற ஒரு விளையாட்டுச் செயலியையும் பயன்படுத்தினேன். ஆரம்பத்துக்கு நல்லது, அதற்கு மேல் நகரவில்லை.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வரம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. பின்யின் 1958-ல் சீன அரசு ஏற்ற ரோமன் எழுத்து முறை. அதை ஆங்கிலம்போலப் படித்தால் ஒலி கெடும். அப்பாவைக் குறிக்கும் "பாபா"வை ரோமனில் (baba) பார்த்தால் "பஸ்"ஸில் வரும் ஒலி என்று தோன்றும். சீனர்கள் சொல்வதோ நம் "பல்", "பாட்டு"வில் வருகிற ப. த, க ஒலிகளும் அப்படியே. மூச்சைத் தள்ளிச் சொல்கிற ஒலிகளுக்கு மட்டும் தனியாகப் பழக வேண்டும். "ரென்" (மனிதர்) என்பதன் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ழ சுத்தமாக வருகிறவர்கள் தயங்கவே வேண்டாம்.

தொனியில் மட்டும் சலுகை கிடையாது. "மாய்" என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது, மேலிருந்து சரித்தால் விற்பது. வியாபாரத்துக்கு வந்தவருக்கு இதைவிட முக்கியமான பாடம் இல்லை. அதனால் என் அட்டைகளின் முன்பக்கத்தில் ஒலி மட்டும்தான், எழுத்து பின்பக்கம். இந்தப் பக்கத்துக்காரர்கள் பலர் "ஷ"வையும் "ஸ"வையும் ஒன்றாகவே சொல்வதால் நாலும் பத்தும் காதில் குழம்பும். விலை பேசும்போது கால்குலேட்டரில் காட்டச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பாடத்தில் பின்னால் வருகிற சில சொற்கள் தெருவில் முதல் நாளே வேண்டும். காய்கறி விலை "ஜின்" கணக்கில், அதாவது 500 கிராமுக்கு; கிலோ என்று எண்ணி விடாதீர்கள். காசு "யுவான்" அல்ல, வாயில் வருவது "குவாய்". போன் நம்பரில் ஒன்றை "யி" என்று சொல்வதில்லை, "யாவ்" என்பார்கள். ஏழோடு குழம்பாமல் இருக்க. பார்சல் கட்டச் சொல்ல "தாபாவ்". ஓட்டுநரை "ஷிஃபு" என்று கூப்பிட்டால் முகம் மலரும். பணம் கட்டும்போது "வோ சாவ் நீ" (நான் ஸ்கேன் பண்றேன்) தினமும் வரும்.

செலவு என்று பார்த்தால் பிளெக்கோவின் அடிப்படை அகராதி இலவசம். கேமராவைக் காட்டி எழுத்தைப் படிக்கும் வசதிக்குக் காசு. மெனு, துணி லேபிள் படிக்க அது கட்டாயம் தேவை, வாங்கிவிடுங்கள். அதன் அட்டை வசதிக்கும் தனிக் காசு, ஆன்கி இருப்பதால் நான் வாங்கவில்லை. ஆன்கி ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் விலைக்கு.