கிரிஸ்டல் கோவ் கடலோரக் காட்டேஜ் என்று 1,140 டாலரை இழந்தோம் – புக் செய்யும் முன் படியுங்கள்

1,140 டாலர். கலிஃபோர்னியாவின் கிரிஸ்டல் கோவ் ஸ்டேட் பார்க்கில் இரண்டு இரவுக்குக் கடலோரக் காட்டேஜ் பிடித்துத் தருகிறோம் என்ற ஒரு புக்கிங் தளத்துக்கு நாங்கள் கொடுத்த பணம். காட்டேஜும் கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தோம். கோபம் ஆறவில்லை, எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பவர்கள் இந்த மாதிரி இடங்களைத்தான் தேடுவார்கள் என்பதால் உடனே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: நியூபோர்ட் பீச்சுக்கும் லகுனா பீச்சுக்கும் நடுவில் இருக்கிறது இந்தப் பூங்கா. 1920, 30களில் கட்டிய 46 சின்ன வீடுகள் மணலை ஒட்டியும் மேட்டிலுமாக நிற்கின்றன. 1979இல் அந்த நிலத்தை மாநில அரசு வாங்கியது. 2006 முதல் வீடுகளைப் பழுதுபார்த்துக் கட்டம் கட்டமாகத் தங்குவதற்கு விட்டு வருகிறார்கள். கதவைத் திறந்தால் பசிபிக் கடல். அக்கம்பக்கத்து ஓட்டல் விலைகளைப் பார்த்தால் இது எவ்வளவோ மலிவு, அதனால்தான் லேசில் கிடைப்பதில்லை. ஆறு மாதம் முன்னாடியே, காலை 8 மணிக்கு, மாநிலத்தின் ரிசர்வ்கலிஃபோர்னியா தளத்தில் திறக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துவிடும். கிடைக்காத ஏக்கத்தில் இருப்பவர்களை வைத்துத்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்த தளம் தேடலில் மேலே விளம்பரமாக வந்தது. ரத்தாகும் இடங்களைக் கவனித்து உங்களுக்காகப் பிடித்துத் தருவோம் என்று போட்டிருந்தது. ரத்தான இடங்கள் மறுபடியும் புக்கிங்குக்கு வருவது உண்மைதான், அதனால் நம்பும்படியாகவே இருந்தது. எண்ணைக் கொடுத்ததும் ஒருவர் கூப்பிட்டார். என் பெயரைக் கேட்டுவிட்டு, "தமிழா மேடம்?" என்றார். அதற்கப்புறம் பேச்சு முழுக்கத் தமிழ்தான். யார் யார் வருகிறீர்கள் என்று விசாரித்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றதும், "அப்போ மேட்டு வீடு வேண்டாம்க்கா, படி நிறைய. அம்மாவுக்கு மணல் ஓரமாவே பார்த்துத் தர்றேன்" என்றார். நான் கேட்காமலே அவராகச் சொன்னது இது. அந்த இடத்தை நேரில் பார்த்த ஆள் மாதிரி பேசினார். பெற்ற தாயின் முழங்காலை வைத்து ஒருவன் நம்மை ஏமாற்றுவான் என்று யார் நினைப்பார்கள்? கார்டு பக்கம் இப்போது வேலை செய்யவில்லை, வேறொரு குடும்பமும் அதே வீட்டைக் கேட்கிறது, போனிலேயே பணம் அனுப்பும் செயலியில் போட்டுவிடுங்கள் என்றார். 1,140 டாலரும் ஒரே தவணையில் போனது. உடனே மின்னஞ்சலில் உறுதிச்சீட்டு வந்தது: பூங்காவின் படம், காட்டேஜ் எண், எங்கள் பெயர்கள் எல்லாமே இருந்தன.

வட கலிஃபோர்னியாவில் இருக்கும் சன்னிவேலிலிருந்து குழந்தைகளோடும் பெரியவர்களோடும் பகல் முழுக்க ஓட்டிக்கொண்டு போனோம். கடலோர நெடுஞ்சாலைக்கு உள்பக்கம் இருக்கும் லாஸ் டிராங்கோஸ் பார்க்கிங்கில் வண்டியை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போக வேண்டும். செக்-இன்னில் இருந்த பெண் என் பெயர், கணவர் பெயர், சீட்டில் இருந்த புக்கிங் எண் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். எதுவுமே இல்லை. அந்த எண் பூங்கா கொடுத்ததே இல்லை என்றார். எங்கள் சீட்டில் இருந்த காட்டேஜுக்கு அப்போதுதான் வேறொரு குடும்பம் பெட்டிகளோடு வந்து இறங்கியது. அவர் அன்பாகத்தான் பேசினார், ஆனால் அவரால் என்ன செய்ய முடியும்?

அந்த ஆளுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. அந்தத் தளத்தின் சாட்டில் வேறொருவர், ஆங்கிலத்தில். முதலில் "சிஸ்டம் அப்டேட் ஆகவில்லை, ஒரு மணி நேரம் காத்திருங்கள்". பிறகு "பூங்காவின் தவறு, அவர்களிடமே கேளுங்கள்". அதற்கும் பிறகு, அதே பூங்காவில் கடலோரமாகவே டென்ட் இடம் மாற்றாக ஏற்பாடு செய்திருப்பதாக ஒரு பெயர் அனுப்பினார்கள். செக்-இன் பெண்ணிடம் காட்டினேன். அது கடலோரமே இல்லை! உள்ளே குன்றுப் பக்கம், மூன்று மைல் போல முதுகில் மூட்டையோடு நடந்து போக வேண்டிய முகாம். அங்கே குடிநீர் கிடையாது, நாமே சுமக்க வேண்டும். விறகு மூட்டவும் கூடாது. முழங்கால் வலிக்காரருக்கு அது மாற்று இடமாம். அந்த இடமும் எங்கள் பெயரில் பதிவாகியிருக்கவில்லை, வாய் வார்த்தைதான். (பூங்காவில் கார் போகிற மோரோ கேம்ப்கிரவுண்ட் மேட்டுமேல் தனியாக இருக்கிறது, அதுவும் அன்றைக்கு நிறைந்திருந்தது.)

இருட்டின பிறகு கோஸ்டா மெசாவில் ஒரு மோட்டலில் போய் விழுந்தோம், அது தனிச் செலவு. "பரவால்ல விடுமா" என்று அம்மா என்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தாங்கவில்லை.

காலையில் சாட்டில் கடைசியாக வந்த பதில்: 1,140 டாலரும் "தேடும் சேவைக்கான கட்டணம்", திருப்பித் தரப்படாது, கேஸ் குளோஸ்டு. அன்று போனில் அக்கா என்று பேசியவரின் எண்ணில் இப்போது வெறும் பதிவுக் குரல். வங்கியில், நீங்களே அனுப்பிய பணம், திருட்டுக் கணக்கில் வராது என்று கையை விரித்தார்கள். புகார் மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்கள். நுகர்வோர் புகார்களை வாங்கும் மத்திய அமைப்பான எஃப்.டி.சி.யிலும், எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் பிரிவிலும் பதிந்திருக்கிறேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சொல்கிறேன்: ஸ்டேட் பார்க் என்றால் மாநிலத்தின் தளத்தில், உங்கள் சொந்தக் கணக்கில் மட்டும் எடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் ரத்தான இடங்களை அதே தளத்தில் நீங்களே பார்த்துக்கொண்டிருங்கள். கிரெடிட் கார்டு வாங்க மாட்டேன் என்பவரிடம் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். கார்டில் போனால் ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் சண்டை போடவாவது சட்டம் இருக்கிறது. யாரோ ஒருவர் மூலமாக ஏற்கெனவே எடுத்திருக்கிறீர்களா? கிளம்பும் நாள்வரை காத்திருக்காமல் இன்றைக்கே பூங்காவுக்கு போன் செய்து உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இதே மாதிரி தமிழில் பேசி யாராவது பணம் வாங்கியிருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள், எத்தனை பேர் கொடுக்கிறோமோ அத்தனைக்கு நல்லது.